கைமாத்தாகக் கொடுத்த கை

ஒரு மனிதனின் கை விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், வரி தனி. இடது கைக்குத்தான் இந்த விலை. வலது கை ஸ்டியரிங்கோடு சரி, அதை யாரும் கேட்பதில்லை. இடது கையால் பணம் வாங்காதே, இடது கையால் எதையும் நீட்டாதே என்று அதட்டி வளர்த்த ஊரில் கடைசியில் விலை போனது இடது கைதான். நான் விற்றுக் கொடுத்த முதல் கை செம்மேட்டு வரதராசுவினுடையது. அதில் எனக்கு இரண்டு பக்கமும் தரகு வந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

என் பெயர் தனசேகர். நாமக்கல்லில் சேந்தமங்கலம் ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கிறேன். அப்பா ஈரோட்டில் மாட்டுத் தரகர். இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். எந்த விரலை எவ்வளவு அழுத்தினால் எதிராளி இறங்குவான் என்பது எனக்கு ஆறாம் வகுப்பிலேயே அத்துப்படி. ஆறாம் வகுப்புப் பாடம்தான் பிடிபடவில்லை.

கியருக்கு இனி வேலை இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மின்சார வண்டி வரும், கியர் ராடு காட்சிசாலைக்குப் போகும் என்றார்கள். வந்தது, கொஞ்சம் போனது. அப்புறம் கரும்பு எரிசாராயத்தில் ஓடும் எஞ்சின் மலிவாக வந்தது. எஞ்சின் வந்ததும் கியரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கூடவே பழைய சண்டையும் வந்தது: ஆட்டோமேட்டிக்கா, கியர் வண்டியா?

நான் கியர் வண்டிக் கட்சி. "ஆட்டோமேட்டிக்கா? அது லேடீஸ் வண்டிங்க" என்று யார்டுக்கு வரும் ஆண்களிடம் சொல்வேன். பெண்கள் வந்தால் "ஆட்டோமேட்டிக்தாம்மா எதிர்காலம்" என்பேன். அன்றைக்கு யார்டில் ஆட்டோமேட்டிக் மட்டும் நின்றால் ஆண்களுக்கும் அதுவே எதிர்காலம். கொள்கை என்றால் சரக்கோடு கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும்.

போன ஆடியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு வரதராசு யார்டுக்குள் நுழைந்தான். கொல்லிமலைக்கும் நாமக்கல்லுக்கும் ஏழு பேரை ஏற்றி இறக்கி இருபது வருஷமாகப் பிழைப்பவன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணாமல் ஓட்டுவான். அன்றைக்கு பஸ்ஸில் வந்திருந்தான். இடது காலைப் பின்னால் விட்டு விட்டு இழுத்துக்கொண்டு நடந்தான்.

"என்ன வரது, வண்டி எங்கே?"

"நிறுத்திட்டனுங்க. முட்டி போயிருச்சு. கிளட்ச் மிதிச்சா உசுரு போயிட்டு வருது. டாக்டரு ஸ்கேனைத் தூக்கிக் காட்டி, ஒண்ணு ஆட்டோமேட்டிக்குக்கு மாறு, இல்ல ஸ்டியரிங்கை விட்டுரு, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னுட்டாரு."

"மாறிக்க. உள்ளே மூணு நிக்குது. உனக்குன்னா விலை வேற."

"பார்த்துட்டனுங்க. போன மாசம் மச்சான் வண்டியில ஏறிப் பார்த்தேன். கம்பெனிக் கை போட்ட ஆட்டோமேட்டிக்கு."

கம்பெனிக் கை என்பது வண்டியோடு சும்மா வருவது. சமவெளியில் ஓட்டுகிற ஆயிரம் பேரின் பழக்கத்தைக் கூட்டி வகுத்து எடுத்த சராசரி. அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை மாதிரி, எல்லாருக்கும் ஒன்றேதான்.

"எப்படி இருந்துச்சு?"

"ஏறையில ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. இறங்கையில, இருபத்தாறாம் வளைவு. ரெண்டாவதுல எஞ்சினைப் பிடிச்சு இறங்கணும். அது என்னைக் கேக்காம மூணுக்குப் போயிருச்சு. நான் பிரேக்கை மிதிக்கிறேன், அது நாலுக்குப் பார்க்குது. பின்னால ஏழு பேரு, அதுல ஒரு நிறைமாசப் பொண்ணு. சக்கரத்துல புகை வந்துருச்சுங்க. ஓரங்கட்டி நிறுத்திட்டு எல்லாரையும் இறக்கி பஸ்ஸுல ஏத்தி விட்டேன். அதுக்கப்புறம் என்னை நம்பி யாரும் ஏறல. ஏறச் சொல்லி நானும் கூப்பிடல."

"அப்ப என்ன செய்யலாங்கிறே?"

அவன் சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். "அதான், என் கையைத் திருப்பி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க. ஆட்டோமேட்டிக்குல என் கையைப் போட்டுட்டா, மலையில என்னால ஓட்ட முடியும். காலுக்கும் வேலையில்ல."

"எந்தக் கை?"

"கைமாத்தாக் குடுத்தனுங்களே, அது."

அவன் கேட்டது இவ்வளவுதான்.

மூன்று வருஷம் முன்னால் கம்பெனி இந்தக் கை வியாபாரத்தை ஆரம்பித்தபோது, இந்தப் பக்கத்துக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. நல்ல டிரைவரின் கியர் ராடு தலையில் ஒரு தொப்பி மாட்ட வேண்டும், கிளட்ச்சின் மேல் ஒரு தகடு. ஆயிரம் மணி நேரம் அவன் பாட்டுக்கு ஓட்ட வேண்டும். எந்தச் சத்தத்துக்கு எந்த கியர், எந்த வளைவுக்கு எத்தனை அடி முன்னால், எல்லாம் பதிவாகிவிடும். பிறகு அந்தக் கையை எந்த ஆட்டோமேட்டிக்கில் ஏற்றினாலும் அது அவனைப் போலவே கியர் மாற்றும். மலை ஓட்டுகிற கை வேண்டும் என்றார்கள். நான் வரதராசுவைப் பிடித்தேன்.

ஒப்பந்தத்தின் தலைப்பில் 'கைமாற்றம்' என்று போட்டிருந்தது. கையின் உரிமை மாறுகிறது என்று அர்த்தம் வரும்படி எங்கோ உட்கார்ந்து யாரோ தமிழ்ப்படுத்தியது. நம் ஊரில் அந்தச் சொல்லை எவன் அப்படிப் படிப்பான்? வரதராசு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஓ, கைமாத்துங்களா?" என்றான். வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், இன்றைக்கு வாங்கி நாளைக்குத் தருகிற கைமாத்து. "அப்படின்னா கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று கேட்டான்.

நான் "பின்னே?" என்றேன்.

இந்தப் 'பின்னே' என் அப்பாவின் சொத்து. கேட்பவன் காதில் ஆமாம் என்று விழும், சொன்னவன் கணக்கில் வெறும் கேள்விக்குறி. அந்த ஒரு சொல்லை வைத்து அவர் எத்தனையோ சந்தையை ஓட்டியிருக்கிறார். நான் ஒரே ஒரு கையை ஓட்டினேன்.

"உட்காரு வரது, டீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சேலத்தில் இருக்கும் கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டேன். ஓவியா என்று பெயர், முப்பது வயது இருக்கும். குரல் எப்போதும் இஸ்திரி போட்டது போல இருக்கும்.

"அந்தக் கை எங்க சொத்து சார். 'மலைக்கை ஏழு'ன்னு பேரு. வால்பாறை, ஊட்டி, மூணாறுன்னு அறுநூறு வண்டியில ஓடுது. அவருக்கும் வேணும்னா தாராளமா எடுத்துக்கலாம். மாசம் ஆறாயிரத்து ஐந்நூறு."

"அவன் கைக்கு அவன் வாடகை கட்டணுமா?"

"எல்லாருக்கும் அதே ரேட்தான் சார். தள்ளுபடி குடுத்தா பாரபட்சமாயிடும்."

"அவன் மாசம் சம்பாதிக்கிறதே பதினஞ்சு பதினாறு. டீசல் காலத்துக் கடன் வேற. கொஞ்சம் பார்த்துப் பண்ணும்மா."

"சார், நான் சம்பளத்துக்கு வேலை செய்யறவ. என்கிட்ட பேரம் பேசி என்ன ஆகப் போகுது?"

இந்த மாதிரி ஆளிடம் நான் பழகியதே இல்லை. துண்டுக்குள் பிடிக்க விரலே இல்லாத ஆள். என்ன செய்வது என்று தெரியாமல், என்னிடம் இருந்த மிக விலையுயர்ந்த சரக்கை எடுத்து முன்னால் வைத்தேன்.

"சரி, மாத்துக்கு மாத்து. அவன் கையை விடுங்க, என் கையை எடுத்துக்குங்க. முப்பத்திரண்டு வருஷமா கியர் வண்டிதான் ஓட்டறேன். ஒரு தடவைகூட வண்டியை அணைய விட்டதில்லை."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"உங்க கை ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு சார். டீலர்ங்கிறதால உங்க வண்டியில ஆரம்பத்துலயே தொப்பி மாட்டினோம், ஞாபகம் இருக்கா? மூணு வருஷமா விலைப்பட்டியல்ல கிடக்கு."

"யாரு எடுத்திருக்காங்க?"

"யாரும் எடுக்கல சார்."

"என்ன விலை போட்டிருக்கீங்க? அதிகமாப் போட்டிருப்பீங்க."

"இலவசம் சார்."

பிறகு அவளே, ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். "உங்க கை எப்பவும் பாதி கிளட்ச்லயே இருக்கு சார். போறதா நிக்கறதான்னு முடிவு பண்ணவே மாட்டேங்குது. நாற்சந்தியில எதிர் வண்டிக்காரன் என்ன விட்டுக் குடுப்பான்னு பார்த்துட்டே நிக்குது. கிளட்ச் தட்டு சீக்கிரம் தேஞ்சிடும்னு இன்ஜினியருங்க எழுதியிருக்காங்க."

ஐம்பத்தாறு வயதில் என்னை யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை.

"இன்னொண்ணு சொல்லணும் சார்," என்றாள் ஓவியா. "மலைக்கை ஏழு உங்க வீட்லயே இருக்கே. டீலர் டெமோ வண்டி. ஆயுள் லைசென்ஸ், வாடகை கிடையாது. ஆனா டெமோ லைசென்ஸ்ங்கிறதால வண்டியை வித்தா கை அழிஞ்சிடும்."

டெமோ வண்டி என்பது என் மனைவி ரேணுகா மூன்று வருஷமாக ஓட்டுகிற ஏழு சீட்டு ஆட்டோமேட்டிக். உள்ளே எந்தக் கை இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. லேடீஸ் வண்டி விவரமெல்லாம் நமக்கெதற்கு என்ற நினைப்பு.

"வித்தாத்தான் அழியுமா? இரவலாக் குடுத்தா?"

"இரவல்னு படிவத்துல ஒரு கட்டமே இல்ல சார். வண்டி உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் யார் ஓட்டினாலும் கை இருக்கும்."

"அப்ப கைமாத்து?"

அவள் சிரித்தாள். அந்தக் குரலில் முதல் சுருக்கம். "நான் எதுவும் கேக்கல சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் ரேணுகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆதியோடு அந்தமாகத்தான் சொன்னேன், 'பின்னே' உட்பட. அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப மூணு வருஷமா நான் அந்த வரதண்ணன் கையிலதான் போய்ட்டு வந்துட்டிருந்தேனா?"

"ம்."

"அதான் பார்த்தேன். உங்க வண்டி மாதிரி தவ்வாம, கியர் மாத்தறதுக்கு முன்னால ஒரு மூச்சு நின்னு மாத்துமே. என்ன ஒரு நிதானம்னு நினைப்பேன்."

எனக்கும் அந்த மூச்சு தெரியும். யார்டில் அதற்கு 'ராஜமூச்சு' என்று பெயர் வைத்ததே நான்தான். மலைக்கை ஏழு போட்ட வண்டி எது வந்தாலும், "கியர் மாத்தறதுக்கு முன்னால லேசா ஒரு மூச்சு விடும் பாருங்க, ராஜா மாதிரி, அவசரமே கிடையாது" என்று சொல்லிப் பதினைந்தாயிரம் ஏற்றி விற்றிருக்கிறேன்.

"அந்த வண்டியை வரதுக்கு ஓட்டக் குடுத்துரலாம்னு பார்க்கறேன்," என்றேன். "பேரு என் பேர்லயே இருக்கட்டும். வாடகை போர்டு மட்டும் மாத்திக்கலாம்."

"பார்க்கறேன்னா? குடுக்கறீங்களா, பாதி கிளட்ச்சா?"

கிளட்ச் கதையையும் அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். "குடுக்கறேன்," என்றேன்.

"சரி. அப்ப உங்க கியர் வண்டிச் சாவியை வெச்சிட்டுப் போங்க."

"உனக்குக் கியர் வண்டி..."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட கோழித்தீவன லாரியை மில்லுக்குள்ள ரிவர்ஸ்ல விட்டவ நான். நீங்கதான் லேடீஸ் வண்டின்னு ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தினீங்க. இவ்வளவு ஆசையா நிறுத்தறாரேன்னு சும்மா இருந்தேன்."

சாவியை எடுத்துக்கொண்டு போய் என் வண்டியைக் கிளப்பினாள். கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஏறி, மூன்றாவது போட்டுப் போகும் வரை ஒரு குலுக்கல் இல்லை. என்னிடம் அந்த வண்டி ஒருநாளும் அப்படிப் போனதில்லை. அன்றிலிருந்து நான் ஓட்டுவது யார்டில் விலை போகாமல் நின்ற ஒரு சின்ன ஆட்டோமேட்டிக், கம்பெனிக் கை போட்டது. வாடிக்கையாளர்கள் கேட்டால் டெஸ்ட் டிரைவ் என்கிறேன்.

போர்டு மாற்றி வந்த மறுநாள் காலை, வரதராசு அந்த ஏழு சீட்டை எடுத்துக்கொண்டு மலை ஏறினான். நான் பக்கத்து சீட்டில். பயணிகள் யாரும் இல்லை. முதலில் காலி வண்டியாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆள் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டான். செம்மேட்டில் மிளகு போட்ட ஆம்லெட் சாப்பிட்டோம். பிறகு இறங்கினோம்.

எழுபதாம் வளைவு, மேலேயிருந்து முதலாவது. வண்டி தானாக இரண்டாவதுக்கு வந்து, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, வழுக்காமல் திரும்பியது. வரதராசு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். ஊரை விட்டுப் போன தம்பி அடுத்த அறையில் பேசுவதைக் கேட்பவன் முகம் மாதிரி இருந்தது.

"நான்தானுங்க இது," என்றான்.

இருபத்தாறாம் வளைவு வந்தபோது நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி மூன்றுக்குப் போகவில்லை. இரண்டாவதில் இருந்து, ஒரு மூச்சு நின்று, ஒன்றுக்கே வந்தது. பிரேக்கில் அவன் கால் சும்மா பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஏழு பேரை ஏற்றலாம். நிறைமாசப் பொண்ணையும் ஏற்றலாம்.

சந்தோஷத்தில் எனக்கு வியாபார வாய் திறந்துகொண்டது. "பார்த்தியா வரது, அந்த மூச்சு? ராஜமூச்சு. உன் கையிலயே விசேஷம் அதுதான். அறுநூறு பேரு அதுக்குத்தான் காசு குடுக்கறாங்க."

"எது? மாத்தறதுக்கு முன்னால நிக்குதே, அதுங்களா?"

"அதேதான்."

அவன் இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, வேலை ஏதும் இல்லாமல் மடக்கி வைத்திருந்த இடது முட்டியின் மேல் போய் உட்கார்ந்தது.

"அது முட்டிங்க," என்றான். "அப்பவே லேசாப் பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. கிளட்ச் மிதிக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் மிதிப்பேன். எல்லா வளைவுலயும் இல்ல, ரொம்ப வெட்டித் திரும்பற வளைவுல மட்டும்."

"அப்பவே வலிச்சுதா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா கை எடுக்க மாட்டாங்கன்னு சொல்லல. ஒரு நாளைக்கு ரெண்டு நடை போய்ட்டிருந்தேன். ஆயிரம் மணி நேரம் சீக்கிரம் முடியணும்னு நீங்க சொன்னதால நாலு நடை ஓட்டினேனுங்க. அந்த மூணு மாசத்துல கெட்டதுதான், இப்ப முட்டி முடிஞ்சு போச்சு."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை எப்போது பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னான். சீக்கிரம் முடி என்று நான் சொன்னது வாஸ்தவம். கை முடிந்தால்தான் தரகு வரும். அந்த வருஷ ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் தரகு வந்தால், ரேணுகாவுக்கு இந்த டெமோ வண்டி வரும்.

தொப்பியும் தகடும் கையைப் பதியும், காலைப் பதியும். வலி என்று அதற்கு எப்படித் தெரியும்? தயங்கினான் என்று பதிந்து வைத்துக்கொண்டது. நான் பெயர் வைத்தேன், கம்பெனி விலை வைத்தது. வால்பாறையிலும் மூணாறிலும் அறுநூறு வண்டி இந்த நிமிஷம் இவன் முட்டிக்காக ஒரு மூச்சு நின்று திரும்பிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வளைவிலும் வண்டி நின்று மூச்சு விட்டது. வரதராசு சிரித்துவிட்டான். "எனக்கு இப்ப வலிக்கலீங்க. வண்டிக்குத்தான் வலிக்குது."

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை என்றதும் வண்டி மூச்சு விடுகிற வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன். பேரத்தில் தோற்றால் எதையாவது எண்ணுவது சின்ன வயதிலேயே வந்த பழக்கம். மேலே கவனிக்காமல் விட்ட வளைவுகளை அவனிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன். வளைவு எண்ணைச் சொன்னால் போதும், "அங்க பிடிக்கும்", "அங்க பிடிக்காது" என்று யோசிக்காமல் சொன்னான்.

காரவள்ளி அடிவாரத்தில் இறங்கி நிறுத்தினோம். அங்கே நாமக்கல் போக மூன்று பேர் காத்திருந்தார்கள். வண்டியையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வரதராசு கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, என் கைதான் ஓட்டுது" என்றான். ஏறினார்கள். நான் பின் சீட்டுக்குப் போய், ரேணுகா விட்டுப்போயிருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கை எழுதினேன்.

மொத்த வளைவு எழுபது. வண்டி மூச்சு விட்டது பதினேழு. இன்னொன்றில் எதிரே பஸ் வந்ததால் நின்றது பஸ்ஸுக்கா முட்டிக்கா என்று அவனுக்கே சந்தேகம், அதற்கு அரை. ஆக, கை ஓட்டியது ஐம்பத்திரண்டரை. கால் ஓட்டியது பதினேழரை. எழுபதில் பதினேழரை எவ்வளவு என்று பார்க்க எனக்குப் பேனா தேவைப்படவில்லை.

வாங்கிய கைமாத்து: கை ஒன்று. திருப்பியது: கை ஒன்று.

முக்கால் தீர்ந்தது. கால் பாக்கி.